ரேகை வைக்க மறுத்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டி வட்டாரத்துப் பெரியவர்களிடம் பேசினால் 'ரேகைச் சட்டம்' என்ற சொல் இன்றும் காதில் விழும். விரல்களை மையில் தோய்த்துப் பதிவேட்டில் அழுத்தவைத்த சட்டம் என்பதால் அந்தப் பெயர். ஏட்டில் அது குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்டு, 1911-இல் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது.

ஒருவர் குற்றம் செய்தாரா என்று இந்தச் சட்டம் கேட்கவே இல்லை. எந்தச் சாதியில் பிறந்தார் என்று மட்டும் கேட்டது. தச்சர் மகன் தச்சராவதுபோல் திருடர் மகனும் திருடராவார் என்பதே இதைக் கொண்டுவந்தவர்களின் வாதம். ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அது சரியா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது. இதையும் 1871-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். படிக்கும்போதெல்லாம் என் மனம் கொதிக்கும் வரி அது.

அந்தப் பட்டியலுக்குள் தள்ளப்பட்டவர்கள் அதற்கு முன்பு என்ன செய்து பிழைத்தார்கள்? குறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை உப்பைக் கழுதைகளிலும் மாடுகளிலும் பொதியேற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய், தானியத்துக்கு மாற்றியவர்கள் அவர்களில் பலர். உப்பு அரசின் ஏகபோகமானது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு தண்டவாளம் போன இடமெல்லாம் பொதிமாட்டுக்கு வேலை குறைந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் மிச்சமிருந்ததையும் துடைத்தெடுத்தது. தொழிலிழந்து ஊர் ஊராக அலைந்தவர்களைப் பார்த்து, அலைவதே சந்தேகத்துக்குரியது என்று எழுதிக்கொண்டது அரசு.

மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்கள் ஊர்க்காவல் பார்த்து, அதற்கான கூலியைத் தானியமாகவும் பணமாகவும் பெற்றார்கள். போலீஸ் வந்தபின் அந்தக் காவல் உரிமையே குற்றமாகப் பார்க்கப்பட்டது. அவர்களில் எவருமே களவு செய்ததில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் களவு செய்தவரோடு, வானம் பார்த்த பூமியில் உழுதுகொண்டிருந்தவரையும் ஏன் பதிவேட்டில் சேர்க்க வேண்டும்? பதிவானவர்கள் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். புதிதாகக் கல்யாணமான பிள்ளையும் பொழுது சாய்ந்தால் வீட்டில் தங்க முடியாது. ஒரு குடும்பம் இதை எப்படித் தாங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உசிலம்பட்டிக்கு அருகே பிரமலைக் கள்ளர்கள் வாழும் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் ஊரைச் சூழ்ந்து சுட்டது. 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊர் சொல்கிறது. இந்த மக்களுக்காக வழக்காடியவர் மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப். கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்த அவரை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். துரை என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சிய காலத்தில் இப்படி அன்போடு ஒரு பெயர்!

சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் நீங்க 1952 ஆகஸ்ட் 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று சென்னையில் வந்துவிட்டது. முந்தைய பட்டியலில் இருந்தவர்களுக்கு 'சீர்மரபினர்' என்று பெயர் மாறியது. ஊரில் ஒரு பொருள் காணாமல் போனால் போலீஸ் முதலில் எந்தத் தெருவுக்குப் போனது என்பதை அந்தத் தெருக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெருங்காமநல்லூரில் நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 3 அன்று மக்கள் அங்கே கூடி, இறந்துபோன அந்த 16 பேருக்கும் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

வணக்கம்.