நிழல் சுவரில் மட்டும் இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

ஐந்து வயதுக் குழந்தையிடம் ஒரு தாளைக் கொடுத்து, "வெயில்ல நீ நிக்கிற, உன் நிழலும் இருக்கு, வரைஞ்சு காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். நிழலுக்குக் கண், மூக்கு, சிரிக்கிற வாய், சட்டைப் பொத்தான் எல்லாம் வைத்துவிடும் பிள்ளைகள் உண்டு. சூரியனையும் நிழலையும் ஒரே பக்கம் போடுகிறவர்களும் உண்டு. அடித்துத் திருத்த வேண்டாம். கண்ணாடியில் தெரிகிற உருவத்தையும் நிழலையும் குழந்தை ஒன்றாக நினைக்கிறது என்று அந்தப் படம் நமக்குச் சொல்கிறது. தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரையச் சொல்லலாம்.

முதல் வேலை வீட்டுக்குள், இருட்டிய பிறகு. ஒரு ஸ்டூல்மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, அதன் டார்ச் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். சுவருக்கும் போனுக்கும் இரண்டு மீட்டர் இடைவெளி இருக்கட்டும். மற்ற விளக்குகளை அணைத்துவிட வேண்டும்; ஒரு ட்யூப்லைட் எரிந்தாலும் நிழல் வெளிறிப்போகும். டார்ச்சைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். விளக்கும் ஆடி, பொருளும் ஆடினால், எது நகர்ந்ததால் என்ன மாறியது என்று அதற்குப் பிடிபடாது. சுவர் அழுக்காக இருந்தால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

இப்போது கையில் ஒரு கரண்டி. "நிழல் பெருசாகணும்னா சுவர்கிட்ட போகணுமா, விளக்குகிட்ட வரணுமா?" என்று கேளுங்கள். குழந்தை எதைச் சொன்னாலும் தலையாட்டாதீர்கள், முகத்தைக்கூட மாற்றாதீர்கள். சொன்ன பிறகு நடந்து பார்க்கட்டும். சரிபாதித் தூரத்தில் கரண்டியைப் பிடித்தால் நிழல் இரண்டு மடங்கு. விளக்கிலிருந்து அரை மீட்டரில் பிடித்தால் நாலு மடங்கு.

இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். முக்கியமான விஷயம் இதற்கு அடுத்ததில் இருக்கிறது. கரண்டியை நீங்கள் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கரண்டிக்கும் சுவருக்கும் நடுவில், வெறும் காற்று என்று நாம் நினைக்கிற இடத்தில், குழந்தையை விரலை நீட்டச் சொல்லுங்கள். விரல் இருட்டாகிவிடும். கொஞ்சம் நகர்த்தினால் பளிச்சென்று வெளிச்சம். பிறகு ஒரு துண்டுத் தாளைச் சுவரில் ஒட்டினாற்போலப் பிடித்து, மெல்ல மெல்லக் கரண்டியை நோக்கிக் கொண்டுவாருங்கள். கரண்டி வடிவம் சிறுத்துக்கொண்டே தாளிலேயே கூட வரும். வழிநெடுக நிழல் இருக்கிறது. சுவரில் தெரிவது அதன் கடைசி விளிம்புதான். தாள் பெரிதாக இருந்தால் அதன் சொந்த நிழலே சுவரை மறைத்து, குழந்தையின் கவனம் அங்கே போய்விடும். உள்ளங்கை அளவு போதும்.

வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதையும் காட்ட வேண்டுமா? செய்தித்தாளில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு டார்ச் முன்னால் பிடியுங்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளிரும். தோல்பாவைக்கூத்தில் பாவையின் நிறங்கள் திரையில் தெரிவதும் இப்படித்தான். ஆட்டுத்தோலை மெலிதாகச் சுரண்டிச் சாயம் ஏற்றியிருப்பார்கள். ஒளி அதன் வழியே நிறத்தோடு வரும்.

இனி வெளியே. கிளம்பும் முன்பே ஒரு கண்டிப்பு: சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. முதுகை வெயிலுக்குக் காட்டி நின்றால் நிழல் முன்னால் விழும், அண்ணாந்து பார்க்கத் தேவையும் வராது.

30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு குச்சியைக் களிமண் உருண்டையில் நட்டு வையுங்கள். விளக்குமாற்று ஈர்க்குச்சி வேண்டாம். சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் நிழலின் ஓரம் தூரம் போகப் போகக் கலங்கும். ஈர்க்கின் நுனி நிழல் அந்தக் கலங்கலில் கரைந்து காணாமல் போய்விடும். சுண்டுவிரல் பருமன் இருக்கட்டும். குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று, நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்த குச்சி எல்லா அளவையும் கெடுத்துவிடும்.

காலை 9 மணிக்கு நிழல் நுனியில் சாக்பீஸால் ஒரு புள்ளி. அடுத்த முறை நுனி எங்கே இருக்கும் என்று குழந்தை யூகித்து, அங்கே ஒரு புளியங்கொட்டையை வைக்கட்டும். 10.30க்குப் பாருங்கள், பிறகு 12, பிறகு 1.30. நாலு புள்ளி தாராளம். அரை மணிக்கு ஒருமுறை வெயிலுக்கு இழுத்தால் ஆர்வம் போய்விடும். மொட்டை மாடித் தரை மதியம் காலைச் சுட்டுவிடும், வாசலிலேயே செய்யுங்கள்.

"உச்சி வெயிலில் நிழலே இருக்காது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். வருஷத்தில் இரண்டே நாள்தான் அது உண்மை. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி வரும். அப்போதும் கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு அல்ல. ஏப்ரலில் சுமார் 12.07க்கு. கோயம்புத்தூர் மேற்கே இருப்பதால் அங்கே உச்சி வேளை சென்னையைவிட 13 நிமிடம் தாமதம். அதே 30 சென்டிமீட்டர் குச்சிக்கு, டிசம்பர் 22ஐ ஒட்டிச் சென்னையில் உச்சி வேளையில்கூட 22 சென்டிமீட்டர் நிழல் வடக்கே விழும். ஜூன் 21ஐ ஒட்டி ஐந்தரை சென்டிமீட்டர்தான், அதுவும் தெற்கே. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இருக்கிற வீட்டில், வாசலில் ஒரு பெயின்ட் புள்ளி வைத்து வருஷம் முழுக்கத் தொடரலாம்.

கடைசியாக, எல்லாக் குழந்தையும் கேட்கிற கேள்வி: "ராத்திரி நிழல் எங்க போகுது?" மறுபடி இருட்டறை, மேசைமேல் டார்ச். ஒரு பந்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, அதுதான் நம் வீடு என்று சொல்லுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பந்தை மெதுவாகச் சுழற்றுங்கள். பொட்டு பின்பக்கம் போய் இருட்டானதும் நிறுத்தி, "அன்னைக்குக் கரண்டிக்குப் பின்னால உன் விரல் இருட்டாச்சே, இப்ப நம்ம வீடு எதுக்குப் பின்னால இருக்கு?" என்று கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால், பந்தை அதன் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

வணக்கம்.