பெருக்குவதற்கு முன் ஒரு கேள்வி

(பிளஸ் ஒன் மாணவர்களுக்கான அறிவியல் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கீச்சிடுகிறது. பரவாயில்லை, அலையைப் பற்றிப் பேச வந்தவனுக்கு அதுவும் ஒரு வரவேற்புதான்.

உங்கள் தாத்தா பாட்டி ரேடியோ கேட்ட காலத்தில், திருச்சி நிலையத்துக்கு இரண்டு எண் சொல்வார்கள். ஒன்று 320.5 மீட்டர், இன்னொன்று 936 கிலோஹெர்ட்ஸ். ஒரே நிலையத்துக்கு எதற்கு இரண்டு விலாசம் என்று சின்ன வயதில் நினைப்பேன். பிளஸ் ஒன் வந்ததும்தான் புரிந்தது, முதலாவது அலைநீளம், அதாவது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம்; இரண்டாவது அதிர்வெண், அதாவது ஒரு விநாடியில் எத்தனை அலை கடக்கிறது என்ற கணக்கு. இரண்டையும் பெருக்கினால் வேகம் வர வேண்டுமே என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன். 2,99,988 வந்தது. கிட்டத்தட்ட மூன்று லட்சம்! ரேடியோ அலையும் ஒளியின் வேகத்தில்தான் போகும்; அந்த வேகம் எங்கள் வீட்டு ரேடியோவிலிருந்தே வந்துவிட்டது என்று குதித்தேன்.

குதித்ததில் ஒரு தப்பு இருந்தது. விடையை ‘விநாடிக்கு மூன்று லட்சம் மீட்டர்’ என்று எழுதியிருந்தேன். மூன்று லட்சம் மீட்டர் என்றால் 300 கிலோமீட்டர். அப்படிப் பார்த்தால் திருச்சியில் பேசுவது சென்னைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். ஒளியாவது, அவ்வளவு நேரம் எடுப்பதாவது! ‘கிலோஹெர்ட்ஸ்’ என்பதில் இருந்த கிலோவை நான் விழுங்கிவிட்டேன். அந்த ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்தால் மூன்று லட்சம் கிலோமீட்டர், கணக்கு சரி. அலைவு நேரம், அதாவது ஓர் அலை கடக்க ஆகும் நேரம், வேண்டுமா? ஒன்றை 9,36,000-ஆல் வகுத்தால் போதும், ஒரு மைக்ரோ விநாடிக்குச் சற்றுக் கூட வரும்.

சூத்திரம் இவ்வளவுதான். ஆனால் இதைத் தப்பாகப் படிப்பவர்கள் நிறைய. வேகம் என்பது அதிர்வெண்ணும் அலைநீளமும் பெருக்கியது. அப்படியானால் அதிர்வெண் கூடினால் வேகமும் கூடுமல்லவா என்று கேட்டால் பாதி வகுப்பு தலையாட்டும். சாமி ஊர்வலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தெருக்கோடியில் நாதஸ்வரமும் தவிலும் வருகின்றன. கீச்சென்ற சுரம் வேகமாக ஓடிவந்து, தவிலின் கனத்த அடி பின்தங்கி வந்தால், தூரத்தில் நிற்பவர் காதில் தாளம் சிதறிப்போயிருக்கும். அப்படி நடப்பதில்லை. 340 மீட்டர் தள்ளி நின்றால் எல்லாம் ஒரு விநாடி தாமதமாகக் கேட்கும், ஆனால் சேர்ந்தே கேட்கும். அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது காற்று. அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது வாசிப்பவர். அலைநீளம் பாவம், இந்த இரண்டு பேருக்கும் ஏற்றபடி தன்னைச் சுருக்கியோ நீட்டியோ கொள்ளும். ஆகவே கணக்கில் கை வைக்குமுன், எதை யார் தீர்மானிக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு தப்பு, எண்ணுவதில். கடற்கரையில் நின்று, ஒரு முகடு வந்ததும் கடிகாரத்தை அமுக்கி ‘ஒன்று’ என்று ஆரம்பிப்பார்கள். ‘பத்து’ சொல்லும்போது 72 விநாடி. உடனே 7.2 என்று எழுதுவார்கள். பத்து முகடுகளுக்கு நடுவில் ஒன்பது அலைதான் கடந்திருக்கிறது, அலைவு நேரம் எட்டு விநாடி. ‘பூஜ்ஜியம்’ என்று ஆரம்பித்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆய்வகத்தில் தனி ஊசலுக்கும் இதே தப்பு, வருடா வருடம்.

கடலுக்கு வந்துவிட்டோம், ஒரு பெரிய அலையையும் பார்த்துவிடுவோம். 2004 டிசம்பர் 26, நம் நேரப்படி காலை ஆறரைக்கு சுமத்ரா பக்கம் நிலநடுக்கம். சென்னைக் கரைக்கு அலை வந்தபோது மணி ஒன்பது சுமார். சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால், தோராயமாகப் பத்தால், பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். ஆழம் 4000 மீட்டர் என்றால் விநாடிக்கு 200 மீட்டர், மணிக்கு 720 கிலோமீட்டர். கரையருகே ஆழம் 10 மீட்டர் என்றால் விநாடிக்கு வெறும் 10 மீட்டர்.

அலைவு நேரம் அரை மணி என்று வைத்துக்கொள்வோம். அது கிளம்பிய இடத்தில் தீர்மானமானது, வழியில் மாறாது. 1800 விநாடியால் பெருக்குங்கள். நடுக்கடலில் அலைநீளம் 360 கிலோமீட்டர், கரையருகே 18. அவ்வளவு நீள அலை இவ்வளவுக்குள் நெருக்கியடிக்கும்போது உயரமாகத்தான் எழும்பும். அன்று ஜேசன்-1 செயற்கைக்கோள் நடுக்கடலில் அளந்த உயரம் அறுபது சென்டிமீட்டர் அளவுதான். அரை மணி நேரத்தில் அவ்வளவு ஏறி இறங்கினால் படகில் இருப்பவருக்கு என்ன தெரியும்?

கடைசியாக ஒரு கணக்கு, வீட்டில் போட்டுப் பாருங்கள். அலைவு நேரம் அதே அரை மணி. முதல் முகடு கரையைத் தொட்ட பிறகு கடல் உள்வாங்குகிறது, தரை தெரிகிறது. தண்ணீர் ஒரேயடியாக வடிந்து நிற்கும் அந்த நேரத்தில் ஒருவர் வீட்டுச் சாமானை எடுக்கத் திரும்பிப் போகிறார். அடுத்த முகடு வர அவருக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது?