பூங்காவுக்குன்னு ஒரு தனி வரி: ஈஸ்ட் பே மக்கள் போட்ட கணக்கு

[திரையில்: ஒரு சொத்து வரி பில். கேமரா மெதுவா கீழே இறங்குது.]

கலிபோர்னியாவுல ஓக்லாந்து நகரத்துல சொந்த வீடு வெச்சிருக்கிறவருக்கு வர்ற சொத்து வரி பில் இது. பெரிய பெரிய தொகைகளுக்கு நடுவுல ஒரு சின்ன வரி இருக்கு: வருஷத்துக்கு 12 டாலர். அபார்ட்மென்டா இருந்தா வீட்டுக்கு 8 டாலர் 28 சென்ட். இந்தப் பணம் நகராட்சிக்கும் போகாது, மாநில அரசுக்கும் போகாது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்குப் பக்கத்தை ஈஸ்ட் பேன்னு சொல்வாங்க; அங்கே பூங்காக்களை நடத்துற ஈஸ்ட் பே ரீஜனல் பார்க் டிஸ்ட்ரிக்ட்ங்கிற அமைப்புக்கு நேராப் போகுது. 2018-ல இந்த வரியை இன்னும் 20 வருஷத்துக்கு நீட்டிக்கலாமான்னு கேட்டப்போ, 85 சதவீதத்துக்கு மேல மக்கள் சரின்னு ஓட்டுப் போட்டாங்க.

வரி கட்டுறேன்னு மக்களே கை தூக்குறது சாதாரண விஷயம் இல்ல. எப்படி நடந்துச்சுன்னு பார்க்கலாம்.

அமெரிக்காவுல ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட்னு ஒரு வகை உள்ளாட்சி அமைப்பு இருக்கு. கலெக்டர் உட்கார்ந்து எல்லாத்தையும் பார்க்கிற மாவட்டம் இல்ல இது. குடிநீர், தீயணைப்பு, கொசு ஒழிப்பு, பூங்கான்னு பெரும்பாலும் ஒரே ஒரு வேலைக்காக உருவாக்குறது. தனக்குன்னு எல்லை, தனக்குன்னு நிர்வாகக் குழு, பல இடங்கள்ல தனக்குன்னு வரி போடுற அதிகாரம். நாடு முழுக்க இப்படி 38,000-க்கு மேல இருக்கு.

பூங்காவுக்கு இது எதுக்கு? நகராட்சியோட பொது நிதியிலதான் போலீஸ், தீயணைப்பு, ரோடு எல்லாம் நிக்குது. வருமானம் குறையுற வருஷத்துல முதல்ல கை வைக்கிறது பூங்காவுலயும் நீச்சல் குளத்துலயும்தான். புல் வெட்டாம விட்டா யாரும் சாகப் போறதில்லைன்னு ஒரு எண்ணம். பிள்ளை படிப்புக்குன்னு அஞ்சறைப்பெட்டியில ஒளிச்சு வைக்கிற காசுல மளிகைக்காரருக்குக் கொடுக்க மாட்டோம் இல்லையா, அந்த மாதிரி பூங்கா காசைத் தனியா எடுத்து வைக்கிற ஏற்பாடுதான் பார்க் டிஸ்ட்ரிக்ட்.

[திரையில்: 1930-களின் பெர்க்லி மலைகள், கறுப்பு வெள்ளைப் படங்கள்.]

இப்போ கதைக்கு வர்றேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

ஓக்லாந்து, பெர்க்லி நகரங்களுக்குப் பின்னாடி ஒரு மலைத்தொடர். அந்த நிலமெல்லாம் குடிநீருக்கான நீர்ப்பிடிப்புப் பகுதியா ஒரு தனியார் கம்பெனிகிட்ட இருந்துச்சு. 1928-ல அதைப் பொதுக் குடிநீர் அமைப்பு வாங்கிடுச்சு. அடுத்த வருஷமே சியரா மலையிலேர்ந்து மொகெலம்னி ஆத்துத் தண்ணி குழாய்ல வந்துருச்சு. அப்போ பக்கத்து மலையில சுமார் 10,000 ஏக்கர் உபரி ஆயிருச்சு. இதை மனை போட்டு வித்துருவாங்களோன்னு ஜனங்களுக்குக் கவலை. மலையேறுறவங்களும் பல்கலைக்கழகத்துக்காரங்களும் ஒண்ணு சேர்ந்தாங்க. பூங்கா வடிவமைக்கிற ஓம்ஸ்டெட் சகோதரர்கள் நிறுவனமும், தேசியப் பூங்கா சேவையைச் சேர்ந்த ஆன்செல் ஹாலும் ஆய்வு பண்ணி, 1930-ல அறிக்கை கொடுத்தாங்க. அங்கே பூங்கா அமைக்கலாம்னு அது சொல்லுச்சு.

குடிநீர் அமைப்போ, பூங்கா நடத்துறது எங்க வேலை இல்லைன்னு ஒதுங்கிருச்சு. அப்போ யார் நடத்துறது? எந்த ஒரு நகராட்சியாலயும் முடியாது, ஏன்னா மலை பல ஊர் எல்லையைத் தாண்டி ஓடுது. அதனால மக்கள் சட்டமன்றத்துக்குப் போனாங்க. பல ஊர் சேர்ந்து பூங்காவுக்குன்னு ஒரு டிஸ்ட்ரிக்ட் அமைக்க வழி செய்யிற சட்டத்துல 1933-ல கவர்னர் ஜேம்ஸ் ரால்ஃப் கையெழுத்துப் போட்டார்.

1934 நவம்பர்ல ஓட்டெடுப்பு. காலத்தைக் கவனிங்க: பெரும் பொருளாதார மந்தம், வேலை போய் ஜனங்க இலவச சூப்புக்கு வரிசையில நின்ன நேரம். கேட்ட வரி, 100 டாலர் சொத்து மதிப்பீட்டுக்கு 5 சென்ட். ஏழு நகரங்கள்ல சுமார் 71 சதவீதம் பேர் ஆதரிச்சாங்க. என் கணிப்புல, அதுக்குக் காரணம் தெளிவுதான். எவ்வளவு, எதுக்கு, யார் செலவு பண்றாங்க, மூணுமே வாக்குச்சீட்டு முன்னாடி நிக்கும்போதே தெரிஞ்சுது. இந்த மலைதான், இந்த 5 சென்ட்தான்.

1936-ல குடிநீர் அமைப்புகிட்டேர்ந்து சுமார் 2,160 ஏக்கரை ஆறரை லட்சம் டாலருக்கு வாங்கி முதல் பூங்காக்களைத் தொடங்கினாங்க. இப்போ டில்டன்னு சொல்ற பூங்கா அதுல ஒண்ணு. இன்னைக்கு இந்த அமைப்புகிட்ட 70-க்கு மேல பூங்காக்கள், சுமார் 1,25,000 ஏக்கர் நிலம் இருக்கு.

[திரையில்: 1978.]

அந்த வருஷம் கலிபோர்னியா மக்கள் புரோபோசிஷன் 13-ங்கிற சொத்து வரிக் கட்டுப்பாட்டை நேரடி ஓட்டெடுப்புல நிறைவேத்தினாங்க. சொத்து வரி, மதிப்பீட்டுல 1 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. மதிப்பீடும் வீடு கைமாறுற வரைக்கும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாது. மாநிலம் முழுக்க உள்ளாட்சிகளோட சொத்து வரி வருமானம் பாதிக்கு மேல குறைஞ்சுபோச்சு. பழைய 5 சென்ட் மாதிரி தனியா வரி விகிதம் வெச்சுக்கிற உரிமை பார்க் டிஸ்ட்ரிக்ட்டுக்கும் போயிருச்சு. அந்த 1 சதவீதத்துல பள்ளிக்கூடம், கவுண்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), நகராட்சி எல்லாத்தோடயும் சேர்ந்து இதுக்கும் ஒரு பங்கு.

கூடுதலாப் பணம் வேணும்னா மூணில் ரெண்டு பங்கு ஓட்டு வேணும். அப்படி வந்ததுதான் 12 டாலர் வரி. முதல்ல 2004-ல வந்துச்சு, ஓக்லாந்து, ரிச்மண்ட் சுத்துவட்டாரத்துக்கு மட்டும். நிலம் வாங்கக் கடன் பத்திரமும் வெளியிட்டாங்க: 1988-ல 22.5 கோடி டாலர், 2008-ல 50 கோடி டாலர். 2008-ல ஒரு நல்ல காரியம் செஞ்சாங்க. 50 கோடியில கால் பங்கை, அதாவது 12.5 கோடியை, நகராட்சிகளுக்கும் உள்ளூர் பூங்கா அமைப்புகளுக்கும் பிரிச்சுக் கொடுத்தாங்க. தெருமுனை விளையாட்டுத் திடலுக்கும் காசு போச்சு.

குறையும் இருக்கு, அதையும் பேசணும். எல்லைக்கோடு முதல் சிக்கல். பக்கத்துல இருக்கிற கான்ட்ரா கோஸ்டா கவுண்ட்டியோட பெரும் பகுதி 1964-ல தான் உள்ளே வந்துச்சு. அதுவரைக்கும் முப்பது வருஷம் கோட்டுக்கு அந்தப் பக்கம். ரெண்டாவது, 12 டாலர்ங்கிறது கோடீஸ்வரர் பங்களாவுக்கும் 12, சின்ன வீட்டுக்கும் 12. இது எனக்கு நியாயமாப் படல. மூணாவது, வாக்குச்சீட்டோட கடைசியில வர்ற பார்க் போர்டு, அதாவது நிர்வாகக் குழு, பதவியைப் பலரும் கவனிக்கிறதே இல்ல.

நாலாவதா ஒண்ணு: போர்டு யார் கையில? வாஷிங்டன் மாநிலத்துல சியாட்டில் 2014-ல ஓட்டெடுப்பு நடத்திப் பார்க் டிஸ்ட்ரிக்ட் ஆரம்பிச்சப்போ, நகர மன்ற உறுப்பினர்களே போர்டு உறுப்பினர்கள். எல்லையும் நகரத்தோட எல்லைதான். காசு தனி, ஆனா முடிவெடுக்கிறவங்க அதே ஆளுங்க. ஈஸ்ட் பேயில அப்படி இல்ல. ஏழு வார்டு, வார்டுக்கு ஒருத்தர், பூங்காவுக்காக மட்டுமே தேர்ந்தெடுக்கப்படுறவங்க. எனக்கு இந்த முறைதான் சரின்னு படுது.

[திரையில்: மிஷன் பீக், ஃப்ரீமாண்ட்.]

ஈஸ்ட் பேயில ஃப்ரீமாண்ட் நகரத்துல இருக்கிற நம்ம தமிழ்க் குடும்பங்கள் பலருக்கும் மிஷன் பீக் மலை தெரியும். அதை நடத்துறதும் இதே அமைப்புதான். வார இறுதியில ஏறுறவங்க கார் நிறுத்த இடம் பத்தாம, பக்கத்துத் தெருக்காரங்களோட வருஷக்கணக்கா இழுபறி. வாகன நிறுத்தம், திறந்திருக்கிற நேரம் மாதிரி விஷயங்களை முடிவு பண்றதுல இந்த ஏழு பேருக்குப் பங்கு இருக்கு. போர்டு கூட்டத்துல பொதுமக்கள் எழுந்து பேச நேரம் ஒதுக்குறாங்க. உங்க வீடு எந்த வார்டுல வருது, உறுப்பினர் யாருன்னு டிஸ்ட்ரிக்ட்டோட இணையதளத்துல பார்த்துக்கலாம்.