முகவரிச் சீட்டு மட்டும் போதாது

நேயர்களுக்கு வணக்கம்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் நலிந்த நிலையில் இருப்பவர்களுக்குமான சமூக சேவைகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் ஒரு சேவை மையத்தின் உதவி மேசையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என் கையால் நடந்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு தாய் வந்தார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். சின்னவனால் நடக்க முடியாது. அவனுக்கு மாத உதவித்தொகை கிடைக்க வழி இருந்தது. எந்த அலுவலகம், எந்தப் படிவம், என்னென்ன சான்றிதழ் என்று ஒரு சீட்டில் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். என் பதிவேட்டில் 'வழிகாட்டப்பட்டது' என்று எழுதி அந்தப் பக்கத்தை மூடினேன்.

ஐந்து மாதம் கழித்து வேறு வேலையாக வந்தார். பையனுக்குப் பணம் வருகிறதா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். அடியில் ஒரு கடித உறை, பிரிக்கப்படாமலே இருந்தது. அந்த அலுவலகத்துக்கு மூன்று முறை போயிருக்கிறார். போகும்போதெல்லாம் புதிதாக ஒரு காகிதம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று. பையனைப் பார்த்துக்கொள்ள யாரையாவது கெஞ்ச வேண்டியிருந்தது. கடைசியில் வந்த கடிதத்தைப் பிரிக்கவே அவருக்குப் பயம். நான் பிரித்தேன். மருத்துவச் சான்றில் ஒரு கையொப்பம் குறைகிறது, 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதியிருந்தது. அந்த 30 நாள் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

திட்டம் இருந்தது, அதற்கான பணமும் இருந்தது, தகவலை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். கூடவே போக ஓர் ஆள் இல்லை. அன்றிலிருந்து எனக்கு ஒன்று உறுதி: முகவரி எழுதிக் கொடுப்பதை உதவி என்று சொல்லக் கூடாது. உதவி என்பது கையில் போய்ச் சேர்வதுவரை உள்ள வேலை.

அமெரிக்க ஆய்வாளர்கள் பமேலா ஹெர்டும் டொனால்ட் மொய்னிஹனும் அரசு உதவி கேட்டுப் போகிறவர்கள் சுமக்கும் சுமையை மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். நம் பேச்சில் சொல்வதானால் மூன்று பாடு. இப்படி ஓர் உதவி இருக்கிறது, நமக்கு அது கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு பாடு. படிவம், நகல், சான்றிதழ், வரிசை என்று அலைவது இன்னொரு பாடு. மூன்றாவது, மனசு படும் பாடு. முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் நின்று 'என்னிடம் இல்லை' என்று சொல்கிற கூச்சம், அதற்கு அவர் பார்க்கிற பார்வை. என் அனுபவத்தில் இந்த மூன்றாவதுதான் ஆட்களைப் பாதி வழியில் திருப்பி அனுப்புகிறது. கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தாரே, அது அலட்சியத்தால் அல்ல. இன்னொரு முறை 'இல்லை' என்ற சொல்லைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை.

தகவல் சொன்னால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்கான அரசு நிதி உதவி பெற அப்போது நீளமான படிவம் ஒன்றை நிரப்ப வேண்டியிருந்தது. 2008இல், வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வந்த குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களில் சிலருக்கு அங்கேயே உட்காரவைத்து அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். அதற்கு ஆனது சில நிமிடங்களே. வேறு சிலருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் கொடுத்து, நீங்களே விண்ணப்பியுங்கள் என்றார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில், பள்ளி இறுதியில் இருந்த பிள்ளைகளில் இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள், இந்த இரண்டில் எதுவும் பெறாத குடும்பங்களில் 100க்கு 28 பேர். படிவம் நிரப்பிக் கொடுத்த குடும்பங்களில் 36 பேர். தகவல் மட்டும் பெற்ற குடும்பங்களில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு என் சீட்டுதான் ஞாபகம் வந்தது.

கூடவே ஓர் ஆள் வேண்டும் என்பது புதிய யோசனை இல்லை. ஜெர்மனியில் எல்பர்ஃபெல்ட் என்ற ஆலை நகரத்தில் 1853இல் ஏழைகளுக்கான உதவியை மாற்றி அமைத்தார்கள். நகரத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, அங்கேயே வசிக்கும் தன்னார்வலர்களை நியமித்தார்கள். ஒருவரிடம் நான்கு குடும்பங்களுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த முறையில் கண்டிப்பும் வேவு பார்ப்பதும் கலந்திருந்தன, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த நான்கு என்ற எண்ணை மறக்க முடியவில்லை. நான்கு குடும்பம் என்றால் பிள்ளைகளின் பெயர் தெரியும். யாருக்கு எந்த மாத்திரை, வீட்டுக்காரர் என்ன சொன்னார், எல்லாம் நினைவில் நிற்கும். ஒரு களப்பணியாளர் தலையில் அளவில்லாமல் கோப்புகளைக் கட்டிவிட்டால் கோப்பு எண்ணைத்தான் அவரால் நினைவில் வைக்க முடியும்.

1889இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவில் ஹல் ஹவுஸ் இல்லத்தைத் தொடங்கினார்கள். ஏழைகள் வாழும் பகுதியிலேயே தங்கிச் சேவை செய்ய லண்டனில் 1884இல் தொடங்கிய டாயின்பீ ஹால் என்ற இல்லம் அவர்களுக்கு முன்மாதிரி. வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிக்கே குடிபோனார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள், மாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. தெருவில் குப்பை மலைபோலக் கிடந்தது, குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். 1895இல் ஜேன் ஆடம்ஸ் தன் வட்டாரத்தின் குப்பை ஆய்வாளர் பொறுப்பையே ஏற்றுக்கொண்டார், அதிகாலையில் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் போய்க் கண்காணித்தார். பின்னாளில், 1931இல், அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர். ஒரு குழந்தையின் காய்ச்சலுக்கும் வாசலில் கிடக்கும் குப்பைக்கும் உள்ள தொடர்பு, அந்தத் தெருவிலேயே மூச்சு விடுகிறவருக்குத்தான் உறைக்கும்.

அப்புறம், வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம். மிகவும் வறிய குடும்பங்களுக்காக 2002இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆடு, மாடு போல வருமானம் தரும் ஏதாவது ஒன்று, அதை வளர்க்கப் பயிற்சி, கொஞ்ச காலத்துக்குக் கைச்செலவுக்குப் பணம், சேமிப்புப் பழக்கம், இவற்றோடு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு பணியாளர். இதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு என ஆறு நாடுகளில் ஆய்வாளர்கள் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். திட்டம் முடிந்து ஓராண்டு ஆன பிறகும் மொத்தத்தில் அந்தக் குடும்பங்களின் வருமானமும் உணவும், திட்டத்தில் சேராத அதே போன்ற குடும்பங்களைவிட மேலாகவே இருந்தன. ஆள் வைத்து வீடுவீடாகப் போவது செலவுள்ள வேலைதான். இருந்தாலும் செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது அந்த ஆளாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

சரி, கூட இருப்பது என்றால் எப்படி இருப்பது? மேசையில் கற்றதைச் சொல்கிறேன். வந்தவரின் கதையை ஒரே ஒரு முறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் சம்மதத்தோடு அடுத்த மேசைக்கு அந்தத் தாள் போகட்டும். கணவர் அடித்ததை நான்கு பேரிடம் நான்கு முறை சொல்லவைப்பதும் ஓர் அடிதான். ஒரு பெண்ணோடு வந்தவரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறார் என்றால், அந்தப் பெண்ணிடம் தனியாக ஐந்து நிமிடம் பேச வழி செய்யுங்கள். பெற்றோருக்கு மொழி தெரியவில்லை என்பதற்காகப் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளையை மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள். பத்து வயதுக் குழந்தை, அம்மாவின் நோயையும் அப்பாவின் கடனையும் தன் வாயால் சொல்ல நேர்கிறது. புகைப்படம் வேண்டவே வேண்டாம். உதவி வாங்கும் கையையும் முகத்தையும் படம் எடுத்துப் போடுகிறார்களே, அந்தப் படத்தை நாளை அந்த வீட்டுப் பிள்ளையின் வகுப்பில் படிப்பவர்களும் பார்ப்பார்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

அலுவலகத்துக்குத் துணையாகப் போனால் பக்கத்தில் உட்காருங்கள், முன்னால் உட்காராதீர்கள். கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும். தடுமாறும்போது மட்டும் நீங்கள் பேசுங்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை, ஒரு காலைப் பொழுது இருந்தால் போதும். காகிதங்களின் நகல் எடுத்துத் தருவது, வரிசையில் நிற்கும் நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, இவையும் பெரிய உதவிதான்.

அந்தத் தாயோடு அடுத்த வாரமே நான் போனேன். மறுபடி விண்ணப்பித்தோம், நான்காவது மாதம் பணம் வந்தது. அதற்குமுன் போன மாதங்களின் பணம் போனதுதான். எங்கள் பதிவேட்டில் இப்போது 'வழிகாட்டப்பட்டது' என்ற கட்டம் இல்லை. 'கையில் கிடைத்ததா?' என்று இருக்கிறது. பதில் 'ஆம்' ஆகும்வரை அந்தப் பக்கம் திறந்தே இருக்கும்.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யார் வீட்டிலாவது பிரிக்காத கடிதம் ஒன்று இருந்தால், இன்று ராத்திரியே நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியுங்கள். மறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். என்ன காரணம் எழுதியிருக்கிறது, மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி ஏதாவது கொடுத்திருக்கிறதா என்று தேடுங்கள். தேதி இருந்தால் அதை ஒரு தாளில் பெரிதாக எழுதி, கண்ணில் படும் சுவரில் ஒட்டுங்கள். கடித உறையையும் பத்திரமாக வையுங்கள். கடிதம் எப்போது அனுப்பப்பட்டது என்பதைக் காட்ட அதன் மேலுள்ள அஞ்சல் முத்திரை உதவும்.

வணக்கம்.