மீசைக்கு மணல் வேண்டும்

வணக்கம் நேயர்களே. வண்ணமீன் கடையில் கோரிடோரஸ் என்று கேட்டால், விரல் நீளமே உள்ள, மீசை வைத்த குட்டிக் கெளுத்தி ஒன்றைப் பையில் போட்டு, "இது தொட்டியைச் சுத்தம் பண்ணிடும்" என்று தருவார்கள். ஒன்று போதாது. தென் அமெரிக்க ஆறுகளில் கூட்டமாகத் திரியும் மீன் இது. ஒரே வகையில் குறைந்தது ஆறு வேண்டும். அதற்கு இரண்டடி நீளத் தொட்டி, சுமார் 55 லிட்டர் தண்ணீர். தனியாக விட்டால் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும்.

சுத்தம் செய்யும் என்பதும் கதைதான். கழிவை அது தின்னாது. மேலே நீந்தும் மீன்கள் இரையை முடித்துவிடும், இது பட்டினி கிடக்கும். விளக்கை அணைத்தபின் அடியில் மூழ்கும் குச்சித் தீனி போடுங்கள்.

இனி மணல். தயவுசெய்து கூரான கல் வேண்டாம். கோரிடோரஸ் மணலுக்குள் மூக்கு வரை புதைத்து, வாயில் அள்ளி, செவுள் வழியே உதிர்க்கும். கல்லில் அதைச் செய்ய முடியாது, மீசை தேயும். சலித்த ஆற்று மணல் மூன்று சென்டிமீட்டர் போதும். எம்-சாண்ட் வேண்டாம், அது கல்லை உடைத்துச் செய்தது, முனை கூர். வாளியில் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். மணல் போட்டும் மீசை தேய்கிறதா? அப்படியானால் அழுக்கு. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றும்போது, குழாயை மணலுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்துக் கழிவை உறிஞ்சுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் மருந்து கலந்தே ஊற்ற வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: மணல், அதுவும் சுத்தமான மணல்.

திடீரென்று மேலே பாய்ந்து காற்றை விழுங்கும், பயப்படாதீர்கள். குடல் வழியாகவும் அது சுவாசிக்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். ஓயாமல் பாய்ந்தால்தான் கவலை: தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு.

நம் ஊர் வெயிலுக்கு ஸ்டெர்பாய் வகை தாங்கும், 28 டிகிரி வரை. பெப்பர்டு என்ற வகை குளிர்ச்சி கேட்கும். வலை வேண்டாம், முதுகிலும் பக்கத்துடுப்பிலும் உள்ள முள் விறைத்துச் சிக்கிக்கொள்ளும். டம்ளரில் பிடியுங்கள். சிக்கிவிட்டால் இழுக்காமல் வலையை வெட்டுங்கள்.

இனப்பெருக்கம் பற்றிச் சொல்ல நினைத்தேன், மணி காட்டுகிறார்கள். ஒரே வரி: சற்றே குளிர்ந்த தண்ணீர் மாற்றினால் கண்ணாடியில் முட்டை ஒட்டும், உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் தாய்மீனே தின்றுவிடும். வணக்கம்.