நம்பியாறு: மலை நம்பியிலிருந்து ஆற்றங்கரைப் பள்ளிவாசல் வரை

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

மழைக்காலம் வந்துவிட்டால் நெல்லை மாவட்டத்துச் செய்திகளில் அணைகளின் நீர்மட்டம் தவறாமல் இடம்பெறும். 143 அடி பாபநாசம், 118 அடி மணிமுத்தாறு என்று பெரிய அணைகளையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக நம்பியாற்று அணையைச் சொல்வார்கள். அதன் முழு உயரமே 22.96 அடிதான். அந்த ஆற்றைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

திருக்குறுங்குடிக்கு மேற்கே, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகக் காட்டுக்குள் பிறக்கிறது நம்பியாறு. நம்பி என்பது அங்கே பெருமாளின் பெயர். ஊரில் ஐந்து நம்பிகள். நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி மூவரும் பெரிய கோவிலுக்குள் இருக்கிறார்கள். திருப்பாற்கடல் நம்பி ஆற்றங்கரையில் இருக்கிறார். ஐந்தாமவர் மலை மேல் நம்பி. மேலே பலத்த மழை பெய்தால் மலை நம்பி கோவிலுக்குப் போக வனத்துறை தடை போட்டுவிடும். கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், அரை மணி நேரத்தில் ஆளை இழுத்துப் போகிற வெள்ளமாகிவிடும் என்பது அந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும்.

மலையை விட்டு இறங்கியதும் வாழைத் தோட்டங்கள், பிசானப் பருவ நெல் வயல்கள், பிறகு ஏர்வாடி. கடல் வரைக்கும் சேர்த்து மொத்த ஓட்டம் 50 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டும். இந்தப் பக்கம் ராதாபுரம் வட்டாரத்தில் காற்றுதான் வீசும், காற்றாலைகள் சுற்றும், ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் நம்பியாற்றுக்கு உயிர்.

வருஷத்தில் சில வாரமே ஓடுகிற தண்ணீரை வைத்துக்கொண்டு இத்தனை ஊர்கள் எப்படிப் பயிர் செய்தன? குளங்களால்தான். ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு, அதிலிருந்து கால், அதாவது வாய்க்கால்; அந்தக் கால் போய்ச் சேரும் குளம். அந்தக் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். 'மறுகால் விழுந்தாச்சு' என்று மேலூர்க்காரர் சொன்னால் கீழூர்க்காரர் விதை நெல்லை எடுத்து வைப்பார். நம்பியாற்றை அளக்க வேண்டுமானால் ஆற்றை மட்டும் பார்த்தால் போதாது, இந்தக் குளங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பேன். வரத்துக்கால் தூர்ந்துபோனால், எவ்வளவு மழை பெய்தும் குளம் நிறையாது. இது எனக்குப் பெரிய வருத்தம்.

கோட்டைக்கருங்குளத்தில் கட்டிய நீர்த்தேக்கம்தான் நான் முதலில் சொன்ன 22.96 அடி அணை. 2009-இல் தொடங்கிய தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புத் திட்டம், தாமிரபரணியின் வெள்ள நீரை இந்த வறண்ட பகுதிக்குக் கொண்டுவருவதற்காக வந்தது. கால்வாய் மட்டும் சுமார் 75 கிலோமீட்டர்.

அணைக்குக் கீழே தேரி என்னும் செம்மணல் மேடுகள், பனை, முருங்கை. திசையன்விளைக்குப் பக்கத்தில் ஆயன்குளத்தில் ஒரு கிணறு இருக்கிறது. 2021 மழையில் வெள்ள நீரைத் திருப்பிவிட்டார்கள். நாள்கணக்கில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, கிணறு நிரம்பவில்லை. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அடியில் சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான குகைகள் வழியாகத் தண்ணீர் பரவுகிறது என்றார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் ஏறியது.

அதனால்தான், 'ஆற்றுத் தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது' என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறாமல் எதிர்த்துத் தள்ளுவது மேலேயிருந்து வரும் நல்ல தண்ணீர்தான். முகத்துவாரத்தில் மீன்குஞ்சு வளரவும் அது வேண்டும்.

தில்லைவனம்தோப்புப் பக்கம் நம்பியாறு மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. அந்தக் கரையில்தான் ஆற்றங்கரைப் பள்ளிவாசல். பெருமாள் பெயரோடு மலையிறங்கிய ஆறு, பள்ளிவாசலுக்குத் தன் கரையையே பெயராகக் கொடுத்திருக்கிறது. கந்தூரிக்கு எல்லா மதத்தாரும் அங்கே கூடுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.