படுக்கையருகே ஒரு நாற்காலி

(காட்சி: மருத்துவமனை வார்டு. ஜன்னலோரப் படுக்கையில் ஒரு முதியவர்.)

நேற்றுத்தான் இவருக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. இன்று பகலா இரவா என்று தெரியாமல் தவிக்கிறார். பெற்ற மகளையே "நீ யார்?" என்று கேட்கிறார். மருத்துவமனையில் சேரும் முதியவர்களைத் திடீரெனப் பிடிக்கும் இந்த மனக்குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர்.

இதைத் தடுக்க முடியுமா? யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஷாரன் இனோயேயின் குழு, 70 வயதைத் தொட்டவர்களும் கடந்தவர்களுமாக 852 நோயாளிகளிடம் ஆராய்ந்தது. முடிவு 1999இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. கூடுதல் கவனிப்பு கிடைத்தவர்களில் 9.9 சதவீதம் பேருக்கு மட்டுமே வந்தது. அந்தக் கவனிப்பில் பெரும் பங்கு பயிற்சி பெற்ற தன்னார்வலர்களுடையது.

(காட்சி: மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும் விரல்கள்.)

அவர்கள் செய்ததைப் பாருங்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டார்கள். காது கேட்கும் கருவியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். இன்று என்ன கிழமை என்பதைப் பேச்சோடு பேச்சாக நினைவூட்டினார்கள். தண்ணீர் குடிக்கவைத்தார்கள். கைபிடித்து நாலடி நடக்கவைத்தார்கள்.

செவிலியருக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகவே தெரியும். இத்தனை படுக்கைகளுக்கு நடுவே உட்கார அவருக்கு ஏது நேரம்? முதியவர்களின் எண்ணிக்கை உலகெங்கும் ஏறிக்கொண்டே போகிறது. இந்த நாற்காலியில் யார் உட்காரப்போகிறார்கள்?

(காட்சி: அடுத்தடுத்து ஒளிரும் கைபேசித் திரைகள்.)

ஆள் கிடைப்பார்கள். 2020 மார்ச்சில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை இரண்டரை லட்சம் தன்னார்வலர்களைக் கேட்டது. சில நாட்களிலேயே ஏழரை லட்சம் பேர் பதிவுசெய்தார்கள். ஆனால், பலர் செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு வேலைக்காகக் காத்துக் கிடந்தார்கள். உதவ வந்த மனதை இப்படிக் காக்கவைப்பது எனக்குப் பெரிய இழப்பாகவே தெரிகிறது. யாரை எங்கே அனுப்புவது, யாருக்கு என்ன பயிற்சி தருவது என்று பார்க்க ஒருங்கிணைப்பாளர் வேண்டும். அவருக்கு முழுச் சம்பளமும் வேண்டும். வருங்காலத் திட்டங்களில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சம்பளம் தர வேண்டிய வேலையைச் சேவை என்ற பெயரில் இலவசமாக வாங்கக் கூடாது. சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு அவர்களின் உழைப்புக்கேற்ற ஊதியம் வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பே 2018இல் வழிகாட்டியிருக்கிறது. ஊசி போடுவதும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் பணியாளரின் வேலை. அருகில் உட்கார்ந்து பேச்சுக் கேட்பது தன்னார்வலருடையது.

(காட்சி: ஒரு வீட்டு வாசல். கதவு திறக்கிறது.)

மருத்துவமனைக்கு வெளியே என்ன செய்யலாம் என்பதைக் கேரளம் காட்டியிருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண சிகிச்சை இயக்கம் பிறகு அக்கம்பக்கத்தாரையே சேர்த்துக்கொண்டது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தர முடியுமா என்பதுதான் அவர்களிடம் கேட்கப்பட்டது. முடியும் என்றவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போனார்கள். மருந்து, மாத்திரையை மருத்துவக் குழு பார்த்துக்கொண்டது. வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, இரவில் கண்விழிக்கும் மனைவி எப்போது தூங்குகிறார் என்பதையெல்லாம் விசாரித்தவர்கள் இவர்கள்தான்.